யோகேஷ்வர் தத்தோட 2012 வெண்கலம்: லக்குன்னு சொல்றவங்க இங்க வாங்க

மேட்ஓரம்:
கிரிக்கெட் இழையில ஒருத்தர் போற போக்குல ஒண்ணு எழுதிட்டு போயிருந்தாரு. மல்யுத்த வீரர் யோகேஷ்வர் தத் லண்டன் ஒலிம்பிக்ல ரெண்டாவது பவுட்லயே (மோதல்லயே) தோத்தவர்தானே, அவரை ஜெயிச்ச ரஷ்யாக்காரன் ஃபைனலுக்கு போனதால ஓசியில கிடைச்ச வெண்கலம்னு. அங்க பதில் சொன்னா கோலி ரசிகர்கள் நடுவுல காணாம போயிடும், அதான் தனி இழை.

சுருக்கமா ஆள் யாருன்னு தெரியாதவங்களுக்கு. 1982 நவம்பர் 2, ஹரியானா சோனிபட் மாவட்டத்துல பைன்ஸ்வால் கலான்னு ஒரு கிராமத்துல பொறந்தவர். வீட்ல வாத்தியார் குடும்பம், படிக்கணும்னுதான் ஆசைப்பட்டாங்க, ஆனா அதே ஊர்ல பல்ராஜ்னு ஒரு பயில்வான் இருந்தாரு, அவரை பாத்து பாத்து 8 வயசுலயே இவரும் மண்ணுல இறங்கிட்டாரு. அப்புறம் 14 வயசு வாக்குல டெல்லி சத்ரசால் ஸ்டேடியம், கோச் சத்பால் சிங் கிட்ட. சுஷில் குமாரும் அங்கதான். 2004 ஏதென்ஸ்ல 55 கிலோவுல சீக்கிரமே வெளிய. 2008 பெய்ஜிங்ல 60 கிலோ, காலிறுதியில ஜப்பான் கெனிச்சி யுமோட்டோ கிட்ட தோல்வி. அந்த ஒலிம்பிக்ல சுஷில் வெண்கலத்தோட வந்து நாடே கொண்டாடுச்சு, கூட போன இவரை யாரும் கேக்கல. அடுத்த வருஷங்கள்ல முட்டி வேற போச்சு.

இப்போ லண்டன். 2012 ஆகஸ்ட் 11, 60 கிலோ ஃப்ரீஸ்டைல். முதல் பவுட்ல பல்கேரியாக்காரரை ஜெயிச்சாரு. அடுத்தது பெசிக் குடுகோவ். அந்த குடுகோவ் யாருன்னா 2009, 2010, 2011 மூணு வருஷமும் வரிசையா 60 கிலோ உலக சாம்பியன், அதுக்கு முன்னாடி 2007ல 55 கிலோவுலயும் சாம்பியன். அவர்கிட்ட தோத்தாரு. அதைத்தான் "ரெண்டாவது பவுட்லயே தோத்தவர்"னு ஒரே வரியில முடிக்கிறாங்க.

குடுகோவ் ஃபைனல் போனதால ரெபெசாஜ், அதாவது ஃபைனலிஸ்ட்கிட்ட தோத்தவங்களுக்கு வெண்கலத்துக்கான இன்னொரு வாய்ப்பு, திறந்துச்சு. முதல்ல புவேர்ட்டோ ரிக்கோ ஃப்ராங்க்ளின் கோமெஸ். சும்மா வந்த ஆளில்ல, 2011 உலக சாம்பியன்ஷிப்ல வெள்ளி. அப்புறம் ஈரானோட மசூத் எஸ்மாயில்பூர். ஈரான்காரங்க கிட்ட ஈசி மேட்ச்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. கடைசியா வெண்கலத்துக்கு வட கொரியா ரி ஜோங்-மியோங். முதல் பீரியட் 0-1, ரெண்டாவது 1-0, மூணாவது 6-0. மூணாவது பீரியட் முடிய எடுத்துக்கிட்ட நேரம் 1 நிமிஷம் 2 செகண்ட். இது அத்தனையும் ஒரே நாள்ல, ஒரு கண்ணு வீங்கி கிட்டத்தட்ட மூடிக்கிட்ட நிலைமையில.

ஓசியாம்.

சும்மா_பார்ப்பவன்:
அந்த கமெண்ட் போட்டது நான்தான் பாஸ் 😄 ஓசின்னு நான் எழுதல, லக்குன்னுதான் எழுதினேன். குடுகோவ் செமில தோத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? அவ்ளோதான், பையை தூக்கிட்டு வீட்டுக்கு. அதுல யோகேஷ்வர் கையில என்ன இருந்துச்சு? ஒண்ணுமில்ல. அதைத்தான் லக்குன்னு சொன்னேன், ஆளை குறை சொல்லல.

கபடிப்பொண்ணு:
யார் யாரோட மோதணும்ங்கற டிரா யார் கையில இருக்கு? அதுவும் லக்குதானே. ஒருத்தனுக்கு ஃபைனல் வரைக்கும் சுமாரான ஆளுங்களா விழுது, இன்னொருத்தனுக்கு ரெண்டாவது பவுட்லயே நடப்பு உலக சாம்பியன் விழுது. அந்த முதல் லக்கை சரி பண்ணத்தான் இந்த ரெண்டாவது லக்கையே வச்சிருக்காங்கன்னு எனக்கு தோணுது.

மேட்ஓரம்:
கபடிப்பொண்ணு சொன்னதுதான் விஷயமே. மல்யுத்தத்துல டென்னிஸ் மாதிரி ஒழுங்கா சீடிங் போட்டு பெரிய ஆளுங்களை தள்ளித் தள்ளி வைக்கிற பழக்கம் அப்போ இல்ல. முதல் நாள் எடை பாக்குறப்போ சீட்டு எடுக்குறது, எங்க விழுதோ அங்க. உலகத்துல முதல் ரெண்டு இடத்துல இருக்குற ஆளுங்களே முதல் ரவுண்ட்ல மோதிக்கலாம். அப்போ நேர் நாக்அவுட் வச்சா ரெண்டாவது பெஸ்ட் ஆளு காலையிலயே வெளிய போயிடுவான். அதனாலதான் ஃபைனலிஸ்ட் ரெண்டு பேர்கிட்ட தோத்தவங்களுக்கு மட்டும் இன்னொரு வழி, ரெண்டு வெண்கலம். ஒலிம்பிக்ல இந்த ரெண்டு வெண்கல முறை 2008ல வந்துச்சு, வந்த உடனே நம்ம சுஷில் அதுலதான் மெடல் அடிச்சாரு, உக்ரைன் ஸ்டாட்னிக் கிட்ட முதல் பவுட்ல தோத்துட்டு வரிசையா மூணு பேரை ஜெயிச்சு. அதை யாரும் லக்குன்னு சொல்றதில்ல, சுஷில் அடுத்த தடவை வெள்ளி வாங்கிட்டதால பழசும் சேர்ந்து பெருமையாயிடுச்சு.

நைட்ஷிப்ட்காரன்:
அன்னைக்கு மேட்ச் லைவா டிவில பாத்தவன் நான். எஸ்மாயில்பூர் பவுட் முடிஞ்சு வெளிய வரும்போது அந்த கண்ணை க்ளோஸப்ல காமிச்சான் பாருங்க, எங்க அம்மா சேனலை மாத்துடான்னு கத்துச்சு. டாக்டர் ஐஸ் வச்சு அமுக்குறாரு, இவரு மூச்சு வாங்கிக்கிட்டே வேற எங்கயோ பாத்துட்டு இருக்காரு. சரி அடுத்தது போச்சுன்னுதான் நினைச்சேன், முதல் பீரியட் வட கொரியாக்காரன் எடுத்தப்போ கன்ஃபர்ம்னு முடிவே பண்ணிட்டேன், கிச்சனுக்கு எழுந்து கூட போயிட்டேன்.

அப்புறம் அந்த மூணாவது பீரியட். காலை பூட்டிட்டாரு, அவ்ளோதான், உருட்டு உருட்டுன்னு உருட்டி ரெஃப்ரி கை தூக்குற வரைக்கும் விடல. கமெண்டேட்டருக்கு என்ன நடக்குதுன்னு சொல்ல டைம் கிடைக்கல. யாராச்சும் அந்த பிடி என்னன்னு ஒழுங்கா விளக்குங்களேன், யூட்யூப்ல எல்லாம் பேக்ரவுண்ட் மியூசிக்தான் இருக்கு.

மேட்ஓரம்:
அதுக்கு ஹிந்தியில ஃபிதேலேன்னு பேரு, இங்கிலீஷ்ல ஆங்கிள் லேஸ். எதிராளியை முதல்ல குப்புற விழ வைக்கணும். அப்புறம் அவன் ரெண்டு கணுக்காலையும் ஒண்ணு மேல ஒண்ணா குறுக்கா சேத்து, உங்க ஒரு கையை கீழ விட்டு முழங்கை மடிப்புல இறுக்கிக்கணும், நெஞ்சை அவன் கெண்டைக்கால் மேல போட்டு அழுத்தணும். கால் ரெண்டும் பின்னிக்கிட்டா இடுப்புக்கு கீழ அவன் ஒரே கட்டை, நீங்க எந்தப் பக்கம் உருண்டாலும் அவனும் கூடவே உருண்டாகணும், வேற வழியில்ல. ஒவ்வொரு தடவை முதுகு மேட் பக்கம் திரும்பும்போதும் புள்ளி. இதுல கொடுமை என்னன்னா ஒரு சுத்து முடியும்போது பிடி அப்படியேதான் இருக்கும், திரும்ப இறுக்க வேண்டியதில்ல, அதனால அடுத்த சுத்து இன்னும் ஈசி. அப்போ ரூல்ல ஒரு பீரியட்ல 6 புள்ளி வித்தியாசம் வந்தா பீரியட் அங்கயே முடிஞ்சுது. அதான் 1 நிமிஷம் 2 செகண்ட்.

இன்னொண்ணு கவனிங்க. இது கண்ணு தேவைப்படாத பிடி. தூரத்துல நின்னு ஷாட் அடிக்க, அதாவது பாஞ்சு காலை பிடிக்க, எதிராளி கால் எங்க இருக்கு, தூரம் எவ்ளோன்னு பாக்கணும், ஒரு கண்ணு மூடியிருந்தா தூரக்கணக்கு தப்பிடும். ஒட்டிப் பிடிச்சுட்டா எல்லாமே தொடு உணர்ச்சிதான். அவர் அதை யோசிச்சு பண்ணாரான்னு எனக்கு தெரியாது, ஆனா அந்த நிலைமையில அதைவிட சரியான ஆயுதம் இல்ல.

பழையபேப்பர்:
நல்ல இழை. அந்தக் கால ரூல் பத்தி இளசுங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிடறேன், இல்லேன்னா 0-1, 1-0 ஸ்கோர் பாத்துட்டு என்னடா இது ஃபுட்பாலான்னு கேப்பாங்க.

அப்போ 2 நிமிஷ பீரியட் மூணு, ரெண்டு எடுத்தவன் ஜெயிச்சான். முதல் பீரியட்ல நீங்க 5 புள்ளி எடுத்தாலும் அது அடுத்ததுக்கு வராது. 2 நிமிஷமும் 0-0ன்னா என்ன பண்ணுவாங்க தெரியுமா, ஒரு பையில கலர் பந்து போட்டு ரெஃப்ரி கையை விட்டு எடுப்பாரு. எவன் கலர் வருதோ அவன் எதிராளி காலை பிடிச்சுக்கிட்டு ஆரம்பிக்கலாம். காலை கையில குடுத்துட்டு ஆரம்பிச்சா பெரும்பாலும் அவன்தானே ஜெயிப்பான். நாலு வருஷம் ட்ரெயினிங் பண்ணிட்டு வந்து ஒரு பந்து கலர்ல தோத்தவங்க நிறைய பேரு. லக்குன்னு பேசணும்னா அதை பேசணும் தம்பி.

2013 பிப்ரவரியில ஐஓசி (சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி) நிர்வாகக் குழு மல்யுத்தத்தையே 2020 ஒலிம்பிக்ல இருந்து தூக்கிடலாம்னு சிபாரிசு பண்ணுச்சு, அப்பதான் இவங்களுக்கு சூடு தட்டுச்சு. ரூலை மாத்தி 3 நிமிஷம் ரெண்டு பீரியட், மொத்த புள்ளியும் கூட்டுன்னு கொண்டு வந்தாங்க. செப்டம்பர்ல திரும்ப உள்ள சேத்தாங்க.

சும்மா_பார்ப்பவன்:
பந்து எடுக்குற மேட்டர் எனக்கு புதுசு, செம காமெடி 😂 சரி லக்கு வாதத்தை கொஞ்சம் ஓரமா வைக்கிறேன், முழுசா விடல. ஆனா அவருக்கு வெள்ளி கிடைச்சுதா இல்லையா? எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல ஒரு சமயம் வெள்ளின்னாங்க, அப்புறம் தங்கம்னே ஃபார்வர்ட் வந்துச்சு.

பழையபேப்பர்:
இன்னைக்கு வரைக்கும் ஒலிம்பிக் ரெக்கார்ட்ல வெண்கலம்தான்.

கதை இது. குடுகோவ் ஃபைனல்ல அசர்பைஜான் டோக்ருல் அஸ்கரோவ் கிட்ட தோத்து வெள்ளி வாங்கினாரு. 2013 டிசம்பர் 29ல கார் ஆக்ஸிடெண்ட்ல செத்துட்டாரு, சின்ன வயசு. 2016ல பழைய லண்டன் சாம்பிளை எல்லாம் புது முறையில டெஸ்ட் பண்ணப்போ அவரோடது பாசிட்டிவ்னு நியூஸ் வந்துச்சு. அது ரியோ முடிஞ்ச சூட்டோட, ஆகஸ்ட் கடைசி. உடனே நம்ம மீடியா யோகேஷ்வருக்கு வெள்ளின்னு கொண்டாட ஆரம்பிச்சிடுச்சு. ரெண்டு மூணு நாள்ல அஸ்கரோவும் மாட்டிக்கிட்டாருன்னு ஒரு வதந்தி, அப்போ தங்கமேன்னு இன்னொரு அலை. உலக மல்யுத்த சம்மேளனம் அப்படி எதுவும் இல்லன்னு மறுத்துச்சு. குடுகோவ் கேஸையும் ஆள் உயிரோட இல்லாததால ஐஓசி மேல நடத்தாம முடிச்சிடுச்சு. செத்தவரு தன் பக்கம் பதில் சொல்ல முடியாதே. அதனால வெள்ளி அவர் பேர்லயே இருக்கு.

இதுல எனக்கு பிடிச்சது, வெள்ளி நியூஸ் வந்த உடனேயே, கேஸ் எங்க போகும்னு யாருக்கும் தெரியாதப்பவே, யோகேஷ்வர் ட்விட்டர்ல அந்த மெடல் முடிஞ்சா குடுகோவ் குடும்பத்துக்கிட்டயே இருக்கட்டும், அவர் பெரிய வீரர், மனிதாபிமானம்தான் எனக்கு முக்கியம்ங்கற மாதிரி எழுதினாரு. ரியோவுல படுமோசமா தோத்து, நாடே திட்டிக்கிட்டு இருந்த வாரம் அது. அந்த நேரத்துல ஒரு வெள்ளி வந்தா வேணாம்னு சொல்ல எவனுக்கு மனசு வரும்.

நைட்ஷிப்ட்காரன்:
ஆனா ஊக்கமருந்துன்னா ஏமாத்து வேலைதானே அண்ணே. அன்னைக்கு காலையில அந்த பவுட்ல சுத்தமான ஆளு எதிர்ல இருந்திருந்தா யோகேஷ்வர் நேரா மேல போயிருப்பாரு, கண்ணு வீங்கியிருக்காது, ஃபைனல் கூட ஆடியிருக்கலாம். பெருந்தன்மை நல்லதுதான், ஆனா அதை கேக்க வேண்டியது நம்ம சம்மேளனம், அவர் விட்டுக்குடுத்தாலும் இவங்க விட்டிருக்கக் கூடாது. நான் இதுல பழையபேப்பர் அண்ணன் பக்கம் இல்ல.

பழையபேப்பர்:
தீர்ப்பே வராத ஆளை ஏமாத்துக்காரன்னு நான் சொல்ல மாட்டேன். வந்திருந்தா பேசலாம். இதுல நமக்குள்ள ஒத்துப்போகாது, விடுங்க.

கபடிப்பொண்ணு:
ரியோ பத்தி யாரும் சொல்லலயே. சும்மா_பார்ப்பவன் ப்ரோவோட லக்கு வாதத்துக்கு அதுதான் சரியான பதில்.

2014ல எடைப் பிரிவை மாத்திட்டாங்க, 60 கிலோ போச்சு, ஒலிம்பிக்குன்னா 57 இல்லன்னா 65. முட்டி ஆபரேஷன் ஆன, முப்பது தாண்டின மனுஷன் 5 கிலோ மேல ஏறி அங்க பொறந்ததுல இருந்து அந்த எடையிலயே இருக்குற ஆளுங்களோட மோதணும். போன உடனே கிளாஸ்கோ காமன்வெல்த்ல தங்கம். இஞ்சான் ஏசியன் கேம்ஸ்லயும் தங்கம், செமில சீனாக்காரன் கிட்ட புள்ளியில பின்தங்கி இருந்து அப்படியே ரெண்டு தோளையும் மேட்ல அமுக்கி பின் பண்ணாரு. 1986 சியோல்ல கர்த்தார் சிங்குக்கு அப்புறம் ஏசியன் கேம்ஸ் மல்யுத்தத்துல நமக்கு வந்த முதல் தங்கம், 28 வருஷம்! எனக்கு லண்டன் வெண்கலத்தைவிட இதுதான் பெருசு, சண்டைக்கு வராதீங்க.

அப்புறம் ரியோ, 2016 ஆகஸ்ட் 21, கடைசி நாள். முதல் பவுட்லயே மங்கோலியா மந்தாக்நாரன் கிட்ட 0-3. ஒண்ணுமே ஓடல, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. அந்த மங்கோலியாக்காரர் ஃபைனல் போயிருந்தா இவருக்கு ரெபெசாஜ் கிடைச்சிருக்கும். போகல. கதவு மூடிக்கிச்சு. அதே ரூல்தான், லண்டன்ல திறந்துச்சு, ரியோல திறக்கல. லக்குன்னா ரெண்டு பக்கமும் கணக்கு எழுதணும்ல.

நைட்ஷிப்ட்காரன்:
அந்த மந்தாக்நாரன்தானே, அவங்க கோச் ரெண்டு பேரு மேட்ல சட்டையை கழட்டி ரகளை பண்ணது?

கபடிப்பொண்ணு:
அவரேதான் 😄 வெண்கல பவுட், உஸ்பெகிஸ்தான் நவ்ரூசோவ் கூட. கடைசி செகண்ட்ல ஜெயிச்சிட்டோம்னு ஆடிக்கிட்டே சண்டை போடாம ஓடினாரு, அதுக்கு பெனால்டி புள்ளி எதிராளிக்கு போச்சு, மெடலும் போச்சு. கோச் ஒருத்தர் சட்டை, இன்னொருத்தர் ஜட்டி தவிர மிச்சம் எல்லாம். நம்ம ஆளை காலையில வீட்டுக்கு அனுப்பினவர் சாயங்காலம் அப்படி தோத்தாரு. யாருக்கும் சந்தோஷம் இல்லாத நாள்.

புதுவரவு_77:
எல்லாரும் பழைய கதை பேசுறீங்க, அவர் அரசியலுக்கு போனது, 2019லயும் 2020 இடைத்தேர்தல்லயும் ஹரியானாவோட பரோடா தொகுதியில பிஜேபி டிக்கெட்ல நின்னு தோத்தது, 2023ல சம்மேளனத் தலைவர் பிரிஜ் பூஷணுக்கு எதிரா மல்யுத்த வீரர்கள் நடத்தின போராட்டத்தப்போ எந்தப் பக்கம் நின்னாரு, அதெல்லாம் ஏன் ஒருத்தரும் எழுதல? பஜ்ரங் புனியா இவர் கூடவே சுத்தி வளர்ந்த பையன், கடைசியில ரெண்டு பேரும் எதிரெதிர். அதுவும் வாழ்க்கைதானே.

நெறியாளர்:
கேள்வி நியாயமானது, ஆனா இந்த இழை மேட் மேல நடந்ததுக்கு. போராட்டம் பத்தி தனி இழை ஏற்கனவே ஓடுது, அங்க எழுதுங்க. இதுக்கு கீழ அரசியல் பதில் வந்தா நீக்குவேன்.

மேட்ஓரம்:
நெறியாளர் சொன்னது சரி, ஒரு வரி மட்டும். புதுவரவு சொன்ன தகவல்ல தப்பில்ல. 2023ல அவர் எடுத்த நிலைப்பாடு எனக்கும் கசப்புதான். அதுக்காக லண்டன் மூணாவது பீரியட் மாறிடாது, அதே மாதிரி லண்டனுக்காக 2023ஐ மறக்கவும் வேண்டாம். ரெண்டையும் தனித்தனியா வச்சுப் பாக்க முடியாதவங்க விளையாட்டு பாக்காம இருக்கலாம்.

விட்டுப்போன சிலது: 2006 தோஹா ஏசியன் கேம்ஸ் கிளம்ப கொஞ்ச நாள் முன்னாடி அப்பா தவறிட்டாரு, முட்டியும் சரியில்ல, அதோட போய் வெண்கலம் வாங்கினாரு. 2010 டெல்லி காமன்வெல்த் தங்கம். லண்டன் வருஷத்துல கேல் ரத்னா, 2013ல பத்மஸ்ரீ. 2017ல கல்யாணம், வரதட்சணையா பேருக்கு 1 ரூபா மட்டும் வாங்கிக்கிட்டாருன்னு பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. ஹரியானாவுல அது சின்ன விஷயம் இல்ல. 1 ரூபா கூட எதுக்குன்னு எங்க வீட்ல ஒரு விவாதம் ஓடுச்சு, அது வேற.

சும்மா_பார்ப்பவன்:
சரி ரியோ கணக்கையும் சேத்தா சமம்தான், ஒத்துக்கறேன். ஒரு டவுட்டு. அப்போ ஒரே நாள்ல எல்லா பவுட்டும்னீங்க, வினேஷ் மேட்டர்ல ரெண்டு நாள்னு படிச்சேனே?

மேட்ஓரம்:
2018ல மாத்திட்டாங்க. முன்னாடி போட்டிக்கு முந்தின நாள் எடை பாத்துடுவாங்க, ராத்திரி முழுக்க சாப்பிட்டு தண்ணி குடிச்சு உடம்பை தேத்திக்கலாம், மறுநாள் காலையில ஆரம்பிச்சு சாயங்காலம் மெடல். அதனால பயங்கரமா எடை குறைச்சு சின்ன பிரிவுல இறங்குறவங்க அதிகம். இப்போ போட்டி அன்னைக்கு காலையிலயே எடை, ஒரு பிரிவு ரெண்டு நாள் நடக்கும், ரெபெசாஜும் ஃபைனலும் ரெண்டாவது நாள், அன்னைக்கு காலையில திரும்ப எடை பாக்கணும். 2024 பாரிஸ்ல வினேஷ் போகட் 100 கிராம் கூடுதல்னு வெளிய போனது அந்த ரெண்டாவது எடையிலதான். லண்டன்ல இந்த ரூல் இருந்திருந்தா யோகேஷ்வருக்கு குடுகோவ் பவுட்டுக்கும் கோமெஸ் பவுட்டுக்கும் நடுவுல ஒரு ராத்திரி கிடைச்சிருக்கும். ஆனா அந்த ராத்திரி முழுக்க சாப்பிடாம எடையை பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும், அதுவும் வீங்கின கண்ணோட. எது தேவலைன்னு சொல்றது கஷ்டம்.

நைட்ஷிப்ட்காரன்:
கடைசியா ஒண்ணு. அந்த ஃபிதேலேவுல மாட்டிக்கிட்டா தப்பிக்க வழியே இல்லையா? அந்த வட கொரியாக்காரர் என்ன பண்ணியிருக்கணும்?

கபடிப்பொண்ணு:
எங்க கோச் மல்யுத்தமும் ஆடினவர், அவர் சொல்லிக் குடுத்தது: பூட்டு விழுறதுக்கு முன்னாடிதான் வழி, விழுந்த பிறகு தேடக்கூடாது. குப்புற விழுந்த உடனே ரெண்டு காலையும் அகலமா விரிச்சிடணும், கணுக்கால் ஒண்ணோட ஒண்ணு சேரவே விடக்கூடாது. ஒரு கால் சிக்கிட்டா இன்னொரு முட்டியை மடக்கி வயித்துக்கு கீழ இழுத்துக்கணும், ரெண்டும் ஒரே கோட்டுல இருந்தா முடிஞ்சுது. அதையும் மீறி பூட்டிட்டான்னா அவன் உருளுறதுக்கு முன்னாடி கையை ஊணி முன்னாடி தவழ்ந்து மேட் கோட்டுக்கு வெளிய போகப் பாக்கணும். அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்தி பாருங்க, ரி விழும்போதே ரெண்டு காலும் சேர்ந்துதான் விழுது. யோகேஷ்வர் கை அதுக்கு முன்னாடியே அங்க போயிடுச்சு.